இக்னிஷன் காயில் பிராக்கெட் (லாரி என்ஜின்)

ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் அனுப்பும் காயிலை என்ஜின் மீதோ அதை ஒட்டிய தகட்டின் மீதோ அசையாமல் பிடித்து வைக்கும் உலோகத் தாங்கியே இக்னிஷன் காயில் பிராக்கெட். பெட்ரோல், சி.என்.ஜி., எல்.என்.ஜி. போன்ற ஸ்பார்க் என்ஜின்களில் மட்டுமே இது உண்டு. டீசல் என்ஜினில் சிலிண்டருக்குள் இறுக்கப்படும் காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்வதால் காயிலுக்கு வேலை இல்லை. எனவே திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் சரக்கை இறக்கிவிட்டுக் களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்குத் திரும்பும் லாரிகளில் பெரும்பாலானவற்றில் இந்த உறுப்பைத் தேடினாலும் கிடைக்காது.

திருவனந்தபுரத்தின் மோட்டார் வரலாறும் டீசல் பக்கமே சாய்ந்தது. 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்த திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்து, இங்கிலாந்திலிருந்து வந்த கோமர் சேஸிகளில் பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களோடுதான் ஓட ஆரம்பித்தது. லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த இ.ஜி. சால்ட்டர் அதன் பொறுப்பாளர். பேருந்துகளுக்கு பாடி கட்டியவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். அந்தத் துறையின் வாரிசாக 1965இல் உருவான கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனை இன்று பாப்பனங்கோட்டில் இருக்கிறது. தனியார் கையில் இருந்த டாட்ஜ், ஃபார்கோ போன்ற பெட்ரோல் லாரிகளையும் 1950களுக்குப் பிறகு டாட்டா, லேலண்ட் டீசல் வண்டிகள் ஓரங்கட்டின. அவற்றோடு காயில் வேலையும் லாரிப் பட்டறைகளிலிருந்து விலகி, கார், ஜீப் மெக்கானிக்குகளிடம் போய்ச் சேர்ந்தது.

காயில் வேலையை லாரிப் பட்டறைக்குத் திரும்பக் கொண்டுவந்தது எரிவாயு. டெல்லிப் பேருந்துகளை சி.என்.ஜி.க்கு மாற்றும்படி 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பின், கனரக வாகனங்களுக்கான ஸ்பார்க் என்ஜின்களை இந்திய நிறுவனங்கள் பெருமளவில் செய்யத் தொடங்கின. திருவனந்தபுரத்துக்கு வாயு தாமதமாகத்தான் வந்தது. 2021 ஜூனில் இங்கிருந்து எறணாகுளத்துக்கு எல்.என்.ஜி. பேருந்து விடப்பட்டது. சி.என்.ஜி. சரக்கு வண்டிகளும் பெட்ரோல் மினி லாரிகளும் இப்போது சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. டீசலிலேயே கைபழகிய பட்டறைகள் காயில் வேலையைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

பிராக்கெட்டின் வேலை தாங்குவதோடு முடிவதில்லை. காயிலின் முதல் சுருளில் சில நூறு சுற்றுகளும், இரண்டாம் சுருளில் பல்லாயிரம் சுற்றுகளும் இருக்கும். 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தும்போது காயில் சூடாகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதி பிராக்கெட் வழியாகத்தான் என்ஜினுக்கு இறங்குகிறது. இக்னிஷன் மாட்யூல் அதே தகட்டில் இருந்தால், அதன் எர்த்தும் பல வண்டிகளில் அந்த போல்ட் வழியாகவே போகும். எண்ணெய் நிரப்பிய பழைய உருளைக் காயில்களில் நிறுத்தும் கோணத்துக்கும் கணக்கு உண்டு. செங்குத்தாக நிற்க வேண்டியதைப் படுக்கவைத்தால் உள்ளே எண்ணெய் படாத சுற்று சூடேறிக் கருகும். இதனால்தான் உடைந்த பிராக்கெட்டை கம்பியாலோ பிளாஸ்டிக் டையாலோ கட்டி ஓட்டுவது ஆபத்தான சமாளிப்பு. காயில் கீழே விழாமல் இருக்கும். சூடும் எர்த்தும் போக வழி இருக்காது.

உடைவு பெரும்பாலும் தகட்டின் வளைவிலோ போல்ட் ஓட்டையின் விளிம்பிலோ தொடங்குகிறது. முதலில் போல்ட் தளர்கிறது. பிறகு அதிர்வில் தகடு களைத்து மயிரிழை விரிசல் விடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது மிஸ்ஸிங் அடித்துச் சமதளத்தில் சரியாகும் வண்டியில், பிளக்கை மாற்றுவதற்கு முன் காயிலைக் கையால் அசைத்துப் பார்ப்பது நல்லது. பிளக்கின் மேலேயே உட்காரும் காயிலாக இருந்தால், தளர்ந்த காயில் மெல்ல மேலெழும்பி ரப்பர் பூட்டுக்குள் ஈரத்தை விடும். ஜூனிலும் அக்டோபரிலுமாக இரண்டு பருவமழை பெறும் ஊரில் இது சிறிய விஷயமில்லை. வாயு என்ஜினில் பொறி தாவப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் தேவைப்படுவதால், ஈரத்தில் மின்சாரம் பக்கவாட்டில் கசிவதும் அதிகம்.

கடலோர ஊர்களுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. என்ஜினின் அலுமினிய ஹெட்டில் இரும்பு போல்ட் இறங்கிய இடத்தில் உப்புக் காற்று புகுந்தால், இரண்டு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு ஏற்பட்டு போல்ட் பிடித்துக்கொள்ளும். பலத்தைப் போட்டுத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். அனுபவமுள்ளவர்கள் முதலில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைப்பார்கள். பிறகு சுற்றிலும் இளஞ்சூடு காட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுப்பார்கள். முறிந்துவிட்டால், நடு மையத்தில் பஞ்ச் வைத்து இடக்கை டிரில்லால் துளைப்பது முறை. மரை போன ஓட்டையில் பெரிய போல்ட்டை முறுக்கி ஏற்றுவதைவிட ஹெலிகாயில் எனப்படும் மரைச் சுருள் போடுவது மேல். எம்6 அளவுக்கு ஏறக்குறைய 6.3 மி.மீ. துளையிட்டு அதற்குரிய டேப் ஓட்டிச் சுருளைச் செருகினால், அந்த இடம் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும்.

தகடு உடைந்திருந்தால் அதைக் கழற்றி மேசையில் வைத்தே வெல்டிங் செய்ய வேண்டும். விரிசலின் முனையில் சிறு ஓட்டை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு விரிசலை வெல்டு வைத்து, வளைவில் முக்கோணத் துண்டு ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். தகடு முழுவதும் துருவேறியிருந்தால் வெல்டிங் வீண். 2 அல்லது 3 மி.மீ. எம்.எஸ். தகட்டில் பழையதை அச்சாக வைத்துப் புதிதாக வெட்டி எடுப்பது எந்த லேத் பட்டறையிலும் நடக்கும் வேலை. பெயின்ட் அடிக்கலாம், ஆனால் காயிலும் மாட்யூலும் உட்காரும் முகத்தைச் சுரண்டி வெறும் உலோகமாக விட வேண்டும். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் பெரும்பாலும் போதும். வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி.

போல்ட் இறங்கும், ஹெட்டில் வார்க்கப்பட்ட அலுமினிய மேடே உடைந்துபோவதுதான் கடினமான நிலை. அலுமினியம் சிவந்து காட்டாமலே உருகும். பழைய வார்ப்பின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். ஆகவே நன்கு சுத்தம் செய்து, முன்சூடு கொடுத்து, டிக் வெல்டிங் தெரிந்தவர்தான் இதில் கைவைக்க வேண்டும். எம்-சீல் போன்ற கலவைப் பசை இந்த இடத்தின் சூட்டையும் அதிர்வையும் தாங்காது. பிளாஸ்டிக் வால்வு கவரில் மேடு உடைந்தால் ஒட்டுப் போடுவதில் பயனில்லை, கவரையே மாற்ற வேண்டும்.

வண்டியிலேயே வெல்டிங் செய்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரியையும் இ.சி.யு. (என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி) கனெக்டரையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். வாயு வண்டியாக இருந்தால் இது பொருந்தாது. சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிச்சமுள்ள வாயுவை வெளியேற்றிய பிறகும், பிராக்கெட்டைக் கழற்றித் தொலைவில் கொண்டுபோய்த்தான் வெல்டு வைக்க வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவது சட்டப்படி கட்டாயம். அந்தச் சோதனைக்காக வண்டி நிற்கும் நாளிலேயே காயில் போல்ட்டுகளையும் இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.