உயிரிப் பொருளாதார ஆய்வுக்கு ஐரோப்பிய நிதி: நம்ம ஊர் கல்லூரிகள் விண்ணப்பிக்கலாமா? பணம் வருமா?

கரும்புச் சக்கையில் இருந்து எரிபொருள், மரவள்ளி மாவில் இருந்து மட்கும் பை, கடல் பாசியில் இருந்து உரம். இப்படி பெட்ரோலியம், நிலக்கரியை நம்பாமல் செடி, மரம், பாசி, நுண்ணுயிரி, விவசாயக் கழிவு ஆகியவற்றை வைத்துப் பொருட்களையும் எரிபொருளையும் உருவாக்குவதைத்தான் 'உயிரிப் பொருளாதாரம்' என்கிறார்கள். இந்தத் துறை ஆராய்ச்சிக்கு உலக அளவில் பெரிய தொகையை ஒதுக்கும் அரசுத் திட்டங்களில் ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹொரைசன் யூரோப்'.

"எங்க காலேஜையும் ஒரு ஐரோப்பிய புராஜெக்ட்ல பார்ட்னரா சேர்த்திருக்காங்க" என்று பேராசிரியர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சேர்வது வேறு, பணம் வருவது வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போட்டால், 4 வருஷம் வேலை பார்த்துவிட்டுச் செலவையும் நம்ம பாக்கெட்டில் இருந்தே போட வேண்டி வரும். முழு விவரத்தையும் பார்க்கலாம்.

நிலைத்தன்மை, ஆளுகை... இதுக்கெல்லாம் எதுக்கு ஆராய்ச்சி?

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இருந்து எத்தனால் எடுத்து பெட்ரோலில் கலக்கலாம். கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், நல்ல விஷயம்தான். ஆனால் அதே மக்காச்சோளம்தான் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு முக்கியத் தீவனம். எரிபொருளுக்கு அதிகம் போனால் தீவன விலை என்ன ஆகும்? முட்டை விலை? எந்த நிலத்தில் எதைப் பயிரிடுவது என்று முடிவு செய்வது யார்? தண்ணீர் யாருடையது? லாபத்தில் விவசாயிக்குப் பங்கு உண்டா?

ஆய்வகத்தில் நுண்ணுயிரியை வளர்ப்பவர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. பொருளாதாரம், சட்டம், சமூகவியல், வேளாண் விரிவாக்கம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். 'பசுமை' என்று பெயர் வைத்துவிட்டாலே ஒரு தொழில் சுற்றுச்சூழலுக்கு நல்லதாகிவிடாது. அதை அளக்க வேண்டும், கண்காணிக்க வேண்டும், விதி போட வேண்டும். அதற்கான ஆய்வுக்குத்தான் இந்த நிதி. அறிவியல் துறை அல்லாத பேராசிரியர்கள் பலர் இது தங்களுக்கானது இல்லை என்று நினைத்து எட்டியே பார்ப்பதில்லை. உண்மையில் அவர்களுக்குத்தான் இங்கே இடம் அதிகம்.

எவ்வளவு பணம்?

ஹொரைசன் யூரோப் 2021-ல் தொடங்கி 2027 வரை நடக்கும் திட்டம். தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட மொத்த ஒதுக்கீடு 95.5 பில்லியன் யூரோ, அதாவது 9,550 கோடி யூரோ. இதில் 6-வது பிரிவுதான் உணவு, உயிரிப் பொருளாதாரம், இயற்கை வளம், வேளாண்மை, சுற்றுச்சூழலுக்கானது. அதற்கு மட்டும் சுமார் 9 பில்லியன் யூரோ. இதைத் தவிர, தொழில் நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தப்படும் 'சர்குலர் பயோ-பேஸ்டு யூரோப்' என்ற 2 பில்லியன் யூரோ கூட்டு அமைப்பும் இருக்கிறது. அது தனி அழைப்புகளை வெளியிடும்.

நாமே ஒரு தலைப்பை யோசித்து அனுப்பினால் இந்தப் பிரிவில் எடுபடாது. ஐரோப்பிய ஆணையம் வேலைத்திட்டம் என்ற பெரிய ஆவணத்தை வெளியிடும். அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் என்ன விளைவு எதிர்பார்க்கிறோம், ஆய்வின் எல்லை என்ன, எவ்வளவு தொகை, எத்தனை திட்டங்களுக்கு என்று எழுதியிருக்கும். அதற்குத்தான் விண்ணப்பம். எல்லாமே ஆணையத்தின் 'ஃபண்டிங் அண்ட் டெண்டர்ஸ்' போர்ட்டலில் இலவசமாகக் கிடைக்கும். பதிவு செய்யவும் கட்டணம் கிடையாது. "ஃபண்ட் வாங்கித் தர்றோம், பதிவுக் கட்டணம் கட்டுங்க" என்று யாராவது வந்தால் உஷார்.

தனியாக விண்ணப்பிக்க முடியுமா?

பெரும்பாலான தலைப்புகளுக்கு முடியாது. ஒன்றையொன்று சாராத குறைந்தது 3 நிறுவனங்கள், 3 வெவ்வேறு நாடுகளில் இருந்து சேர வேண்டும். அந்த 3-ம் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளாகவோ, திட்டத்தில் இணைந்த நாடுகளாகவோ இருக்க வேண்டும். ஒன்றாவது கட்டாயம் உறுப்பு நாடு. நார்வே, பிரிட்டன், இஸ்ரேல் போன்றவை இணைந்த நாடுகள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே இந்தியக் கல்லூரி 4-வது, 5-வது ஆளாகத்தான் உள்ளே வர முடியும்.

சரி, இந்தியாவுக்குப் பணம் உண்டா?

இங்கேதான் சிக்கல். உலகின் பெரும்பாலான நாட்டு நிறுவனங்கள் இதில் பங்கேற்கலாம். ஆனால் நிதி பெறும் தகுதி உறுப்பு நாடுகளுக்கும், இணைந்த நாடுகளுக்கும், பட்டியலிடப்பட்ட குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் மட்டும்தான் தானாகக் கிடைக்கும். இந்தியா, சீனா, பிரேசில் போன்ற பெரிய பொருளாதாரங்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

பக்கத்தில் இருக்கும் இலங்கை பட்டியலில் இருக்கிறது. அதாவது ஒரே கூட்டமைப்பில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் இருந்தால், யாழ்ப்பாணத்துக்கு ஐரோப்பியப் பணம் வரும், நமக்கு வராது. இலங்கையில் இருந்து இதைப் படிக்கும் ஆய்வாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவுக்கு 2 விதிவிலக்கு உண்டு. வேலைத்திட்டத்தில் குறிப்பிட்ட தலைப்புக்கு "இந்திய நிறுவனங்களுக்கும் நிதி உண்டு" என்று எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால், அந்த இந்திய நிறுவனம் இல்லாமல் திட்டமே நடக்காது என்று ஆணையம் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவதை நிரூபிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இதில் எதுவும் பொருந்தாவிட்டால் 'அசோசியேட்டட் பார்ட்னர்' என்ற பெயரில் சேர்ப்பார்கள். வேலை உண்டு, பெயர் உண்டு, நிதி கிடையாது. சொந்தச் செலவை எங்கிருந்து எடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். ஆகவே கூட்டாளியாகச் சேரக் கடிதம் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "நாங்க நிதி பெறும் பயனாளியா, அசோசியேட்டட் பார்ட்னரா?"

இன்னொரு வழி, இந்திய அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து வெளியிடும் அழைப்புகள். கடலில் சேரும் பிளாஸ்டிக் கழிவு, கழிவில் இருந்து ஹைட்ரஜன் ஆகிய 2 தலைப்புகளில் 2025 மே மாதம் அப்படி அழைப்பு வந்தது. மொத்தம் சுமார் 391 கோடி ரூபாய். இதுமாதிரி அழைப்பில் இந்தியத் தரப்புச் செலவை இந்திய அரசே தரும்.

விண்ணப்பத்தில் என்ன இருக்கும்?

2 பகுதி. முதல் பகுதி போர்ட்டலிலேயே நிரப்புவது: நிறுவன விவரம், பட்ஜெட், நெறிமுறைக் கேள்விகள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 9 இலக்க அடையாள எண் வேண்டும். அதைப் போர்ட்டலில் பதிவு செய்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது பகுதி பிடிஎஃப். அதுதான் உண்மையான விண்ணப்பம். பக்க வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டிய பக்கங்களை மதிப்பீட்டாளர்கள் படிக்க மாட்டார்கள்.

3 அளவுகோலில் மார்க் போடுவார்கள்: ஆய்வின் தரம், விளைவு, செயல்படுத்தும் விதம். ஒவ்வொன்றுக்கும் 5 மார்க், மொத்தம் 15. பொதுவாக ஒவ்வொன்றிலும் 3, மொத்தத்தில் 10 எடுத்தால் பாஸ். ஆனால் பாஸ் ஆனால் போதாது. மேலே இருந்து வரிசையாகப் பணம் தீரும் வரைதான் கொடுப்பார்கள். 10 மார்க்கோடு நிதி வாங்குவது நடைமுறையில் அபூர்வம். திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் சராசரி வெற்றி விகிதம் 16 சதவீத அளவில்தான் இருந்தது. நீட் கட்ஆஃப் கணக்கு மாதிரிதான்.

நம்ம ஊர் விண்ணப்பங்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் 'விளைவு' பகுதியில்தான். இங்கே பெரும்பாலும் "இத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிடுவோம், இத்தனை பேருக்கு முனைவர் பட்டம்" என்று எழுதிப் பழகியிருக்கிறோம். அங்கே கேட்பது வேறு: உங்கள் முடிவை யார் பயன்படுத்துவார்கள், எப்போது, அதனால் என்ன மாறும்? உதாரணத்துக்கு, "உயிரி பிளாஸ்டிக் சான்றிதழ் பற்றி ஆய்வு செய்வோம்" என்பது போதாது. அந்தச் சான்றிதழ் விதியை எழுதும் அரசு அமைப்பு எது, அது உங்கள் கூட்டமைப்பில் இருக்கிறதா, சிறு உற்பத்தியாளர் அந்தச் சான்றிதழ் வாங்க எவ்வளவு செலவாகும் என்பது வரை யோசித்திருக்க வேண்டும்.

இந்த 6-வது பிரிவில் பல தலைப்புகளுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. விவசாயி, மீனவர், வன நிர்வாகி, சிறுதொழில் செய்பவர் போன்றவர்கள் ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை ஆய்வில் பங்காளிகளாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு பயிலரங்கம் நடத்தி டீ, சமோசா கொடுத்து அனுப்புவது கணக்கில் வராது. சமூக அறிவியலைச் சேர்க்கச் சொல்லும் தலைப்புகளிலும் இதே கதைதான். பெயருக்கு ஒரு சமூகவியலாளரைப் போட்டால் மார்க் போகும்.

நிதி விகிதத்தைப் பொறுத்தவரை, ஆராய்ச்சி வகைத் திட்டங்களுக்குத் தகுதியான செலவில் 100 சதவீதமும் கிடைக்கும். சந்தைக்கு நெருக்கமான புத்தாக்க வகையில் லாப நோக்குள்ள கம்பெனிகளுக்கு 70 சதவீதம் வரைதான். மின்சாரம், அலுவலகம் போன்ற மறைமுகச் செலவுக்கு, நேரடிச் செலவில் 25 சதவீதத்தைத் தனியாகத் தருவார்கள். துணை ஒப்பந்தம் விட்ட தொகைக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது. இப்போது பல தலைப்புகளில் ஒட்டுமொத்தத் தொகை முறை வந்துவிட்டது. அதில் செலவு ரசீதைக் கேட்க மாட்டார்கள், ஒப்புக்கொண்ட வேலைத் தொகுப்பை முடித்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள். முடிக்காவிட்டால் அந்தப் பங்குக்கான பணம் வராது.

கடைசி நாள், பிரஸ்ஸல்ஸ் நேரப்படி மாலை 5 மணி. இந்திய நேரத்துக்கு குளிர்காலத்தில் இரவு 9.30, கோடையில் இரவு 8.30. ஒரு நிமிஷம் தாண்டினாலும் போர்ட்டல் மூடிவிடும். முடிவு சுமார் 5 மாதத்தில் வரும். ஒப்பந்தம் கையெழுத்தாக 8 மாதம் வரை ஆகலாம்.

தேர்வானால் போதுமா? தரமணி போக வேண்டியிருக்கும்!

இது பலருக்கும் தெரியாத விஷயம். ஐரோப்பா பணம் கொடுக்கிறது என்பதற்காக, நம்ம மண்ணில் இருந்து எடுத்த நுண்ணுயிரியை அப்படியே ஜெர்மனிக்கு கூரியர் போட முடியாது. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டவரோ வெளிநாட்டு நிறுவனமோ இந்திய உயிரி வளத்தை ஆய்வுக்காகப் பெற தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமை அலுவலகம் டெல்லியில் இல்லை, நம்ம சென்னை தரமணியில் இருக்கிறது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் ஒரு பாக்டீரியாவை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகவே வனத்துறை அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்ப பல்லுயிர் ஆணையம். ஆய்வு முடிவை வெளிநாட்டவருக்குக் கைமாற்றவும் சட்டத்தின் 4-வது பிரிவு அனுமதி கேட்கிறது. காப்புரிமைக்குப் போனால் 6-வது பிரிவு. வணிகமாகி லாபம் வந்தால் அதில் பங்கு, அந்த வளத்தைக் காத்துவந்த உள்ளூர் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம்.

மத்திய அரசின் வழிகாட்டு நெறிக்கு உட்பட்டு, அரசின் ஒப்புதல் பெற்ற கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்கு 5-வது பிரிவில் விலக்கு உண்டு. உங்கள் திட்டம் அதில் வருமா என்று விண்ணப்பம் எழுதும்போதே பார்த்துவிடுவது நல்லது. திட்டம் தொடங்கி ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கால அட்டவணை மொத்தமும் சரிந்துவிடும். 2023-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பழைய விண்ணப்பப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து நிரப்ப வேண்டாம்.

அறக்கட்டளை நடத்தும் கல்லூரிகளுக்கு இன்னொரு வேலை பாக்கி. வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ தேவையா என்று ஆடிட்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் எஸ்பிஐ-யின் டெல்லி மெயின் பிராஞ்ச் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும்.

இந்தியாவிலேயே என்ன வழி?

உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை வளர்க்கும் 'பயோ-ஈ3' கொள்கைக்கு 2024 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் அதன் கீழ் இயங்கும் பைராக் நிறுவனமும் இதற்கான அழைப்புகளை வெளியிடுகின்றன. ஸ்டார்ட்அப் தொடங்க நினைப்பவர்களுக்கு பைராக்கின் 'பிக்' திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. அடிப்படை ஆராய்ச்சிக்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறது. ஆளுகை, சட்டம், விவசாயி பங்கு மாதிரியான சமூக அறிவியல் தலைப்பு என்றால் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் கதவைத் தட்டலாம். ஆய்வகமும் சமூக அறிவியலும் ஒரே திட்டத்தில் சேர்ந்து விண்ணப்பிப்பதற்கு இங்கே வாய்ப்பு குறைவு. ஐரோப்பியத் திட்டத்தை இத்தனை சிக்கலோடும் பலர் தேடிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போ என்ன செய்யலாம்?

ஹொரைசன் யூரோப்பின் கடைசி ஆண்டு 2027. அடுத்த திட்டம் 2028 முதல் 2034 வரை. அதற்கு 175 பில்லியன் யூரோ ஒதுக்கலாம் என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்திருக்கிறது. கூட்டாளிகளைத் தேட, போர்ட்டலில் ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலேயே விளம்பரம் போடும் வசதி இருக்கிறது.

இன்னொரு சுலபமான வாசலும் உண்டு. விண்ணப்பங்களை மதிப்பிடும் நிபுணராக எந்த நாட்டவரும் அதே போர்ட்டலில் பெயர் பதிவு செய்யலாம், இந்தியர்களும் செய்யலாம். அழைப்பு வந்தால் மதிப்பூதியம் கிடைக்கும், எந்த மாதிரி விண்ணப்பத்துக்கு 14 மார்க் விழுகிறது என்பதையும் நேரில் பார்க்கலாம்.