பாட்டு எங்கே இருந்தது?

எங்கட பழைய இசை விமர்சனம் ஒன்றைப் போன மாதம் திரும்பத் திறந்து பார்த்தோம். எழுத்தெல்லாம் அப்படியே இருக்கு. நடுவில பாட்டு இருந்த இடத்தில ஒரு சாம்பல் நிறப் பெட்டி மட்டும். அமத்தினால் ஒன்றும் நடக்காது. பாட்டை எங்கட பக்கத்தில் போட்டிருக்கிறம் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தோம். நாங்கள் ஒட்டியது ஒரு வரிக் குறியீடு. பாட்டு இருந்தது வேறு யாரோவின் வழங்கியில்.

தொண்ணூறுகளில் சொந்தப் பக்கம் செய்தவர்கள் பின்னணியில் 'மிடி' கோப்புகளை ஓடவிட்டார்கள். மிடிக்குள் ஒலி இல்லை; எந்தச் சுரம், எந்த நேரம் என்ற குறிப்பு மட்டும்தான். அதனால் தொலைபேசி வழி இணைப்புக்கும் அது தாங்கியது. குரல் மட்டும் வராது. எம்பி3 குரலையும் கொண்டுவந்தது, ஆனால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மெகாபைட். இலவசப் பக்கங்களில் கிடைத்த இடத்துக்கு இரண்டு மூன்று பாட்டோடு கதை முடிஞ்சுது.

பாட்டுக்கென்றே இடம் கொடுத்த தளங்கள் இப்படித்தான் எடுபட்டன. 1997இல் மைக்கேல் ராபர்ட்சன் தொடங்கிய எம்பி3.கொம்மில், எந்தக் கம்பனியோடும் ஒப்பந்தம் இல்லாதவர்களும் தங்கட பாட்டை ஏற்றலாம். 2000இல் அந்தத் தளம் இசைக் கம்பனிகளிடம் வழக்கில் தோற்றது. வழக்கு, கடையில் விற்ற இறுவட்டுகளைக் கொப்பி பண்ணி வைத்ததைப் பற்றியது. பாட்டு ஏற்றிய சின்னப் பாடகர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் தளம் கைமாறிக் கைமாறி 2003இல் மூடப்பட்டபோது போனது அவர்களுடைய பாட்டுகள்தான்.

அதே 2003இல்தான் மைஸ்பேஸ் வந்தது. ஒருவரின் பக்கத்தைத் திறந்தாலே பாட்டு ஓடத் தொடங்கும், சில நேரம் எரிச்சலாகவும் இருக்கும். ஆர்க்டிக் மங்கீஸ் குழு கச்சேரிகளில் சும்மா கொடுத்த இறுவட்டுகளை ரசிகர்களே ஏற்றிப் பரப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அறியப்படத் தொடங்கியபோது, அவருடைய பாட்டுகளும் இந்த வழியால் பலரிடம் போய்ச் சேர்ந்தன.

2019 மார்ச்சில் செய்தி வந்தது: வழங்கி மாற்றும்போது, 2016க்கு முன் ஏற்றிய பாட்டுகள் எல்லாம் மைஸ்பேஸிடம் இருந்து தொலைந்துவிட்டன. 1 கோடி 40 இலட்சம் கலைஞர்களின் 5 கோடிப் பாட்டுகள் என்று கணக்குச் சொன்னார்கள். மீண்டது சுமார் 4,90,000. அதுவும் 2008க்கும் 2010க்கும் இடையில் ஆய்வுக்காக யாரோ இறக்கி வைத்திருந்தபடியால், இன்டர்நெட் ஆர்க்கைவ் அவற்றை வாங்கி வெளியிட்டது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

2020 முடிவில் ஃபிளாஷும் நிறுத்தப்பட்டது. அதில் ஓடிய பழைய பெட்டிகள், கோப்பு இருந்தாலும், வாய் மூடிக்கொண்டன.

எங்கட பெட்டிக்குரிய பாட்டைப் பாடியவரிட்டயே கேட்டுப் பார்த்தோம். அவரின் மடிக்கணினி பழுதாகி மூன்று வருசம். தளத்தில இருக்குத்தானே எண்டு அவரும் வேறு கொப்பி வைக்கேல்லை. கடைசியில் அவரின் மச்சானின் பழைய போனில் ஒன்று கிடைத்தது, முதல் பத்து செக்கன் இல்லாமல்.