281 கிலோ மார்லின்... 28 கோடி ரூபாய் பரிசு... ஒரே கடியில் கைநழுவிப் போனது எப்படி?

ஆறு மணி நேரத்துக்கும் மேல் போராடிப் பிடித்த மீன். எடை 619.4 பவுண்டு, அதாவது சுமார் 281 கிலோ. கரையில் கூட்டம் கைதட்டியது. கிடைக்கவேண்டிய பரிசு ஏறத்தாழ 35 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் 28 கோடி ரூபாய்க்கும் மேல். ஆனால் மறுநாள் வந்த அறிவிப்பு: "இந்த மீன் செல்லாது."

2023 ஜூன் மாதம் அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில், மோர்ஹெட் சிட்டி துறைமுகத்தில் நடந்த சம்பவம் இது. போட்டியின் பெயர் 'பிக் ராக் ப்ளூ மார்லின் டோர்னமென்ட்'. போட்டியின் கடைசி நாளில் 'சென்சேஷன்' என்ற படகு அந்த ராட்சத நீல மார்லினைக் கொண்டுவந்து சேர்த்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. 484.5 பவுண்டு மீன் பிடித்திருந்த 'சுஷி' என்ற படகு சுமார் 27.7 லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு போனது.

அப்படி என்னதான் நடந்துச்சு?

மீனின் உடம்பில் கடி இருந்தது. சுறாவோ வேறு கடல் உயிரினமோ கடித்து, சதை பிய்ந்திருந்தது. போட்டிக் குழு கடல் உயிரியலாளர்களிடமும் ஐ.ஜி.எஃப்.ஏ அதிகாரியிடமும் ஆலோசித்தது. படகில் ஏற்றப்படுவதற்கு முன்பே மீன் சிதைந்துவிட்டது என்று முடிவு செய்து, தகுதி நீக்கம் அறிவித்தது. 'சென்சேஷன்' தரப்பு முறையிட்டும் போட்டிக் குழு முடிவை மாற்றவில்லை.

யார் இந்த ஐ.ஜி.எஃப்.ஏ?

இன்டர்நேஷனல் கேம் ஃபிஷ் அசோசியேஷன் என்பதன் சுருக்கம்தான் இது. 1939-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. உலக அளவில் விளையாட்டு மீன்பிடிப்புக்கு விதி வகுப்பதும், சாதனைகளைப் பதிவு செய்வதும் இதன் வேலை. பிக் ராக் போட்டியும் இந்த விதிகளைத்தான் பின்பற்றுகிறது.

விதியின் அடிப்படை ரொம்ப எளிமையானது. ஒரு மனிதர், ஒரு மீன். தூண்டிலில் மீன் மாட்டிய பிறகு, அதோடு போராடும் தூண்டில்காரரைத் தவிர வேறு யாரும் ராடையோ ரீலையோ நரம்பையோ தொடக்கூடாது. தொட்டால் அந்த மீன் கணக்கில் வராது. நரம்பின் நுனியில் இருக்கும் 'லீடர்' என்ற கனமான பகுதி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் படகிலுள்ள மற்றவர்கள் அதைப் பிடித்து இழுக்கலாம், கொக்கி போட்டுத் தூக்கலாம்.

சுறா கடிக்கு ஏன் தடை என்பதும் இதே அடிப்படையில்தான். கடிபட்டு ரத்தம் இழக்கும் மீன் முழு பலத்தோடு போராடாது. அப்போது தூண்டில்காரருக்கு வெளியிலிருந்து உதவி கிடைத்ததாகிவிடும், உதவியது சுறாவாக இருந்தாலும் சரி. 'கடைசி நிமிஷத்தில் கடித்திருந்தால்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடித்ததால் மீனின் எடை கொஞ்சம் குறைந்திருக்குமே தவிர கூடியிருக்காது என்ற வாதமும் எழுந்தது. ஆனால் கடி எப்போது பட்டது என்பதை நடுக்கடலில் அளக்க வழியில்லை. அதனால் விதி நேரத்தைப் பார்ப்பதில்லை, காயத்தை மட்டும் பார்க்கிறது. கொடுமையாகத் தெரிந்தாலும், கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்தில் இதைவிடத் தெளிவான கோடு போடுவது கஷ்டம்.

மார்லின் என்றால் என்ன மீன்?

நம்ம ஊர் கடற்கரைகளில் மயில் மீன் பார்த்திருப்பீர்கள். முதுகில் பாய்மரம் மாதிரி பெரிய துடுப்பு, முகத்தில் ஈட்டி மாதிரி நீண்ட மூக்கு. அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மார்லின். துடுப்பு சிறியது, உடம்பு பல மடங்கு பெரியது.

இதுவரை ஐ.ஜி.எஃப்.ஏ பதிவில் இருக்கும் மிகப்பெரிய மார்லின், 1953 ஆகஸ்ட் 4-ம் தேதி பெரு நாட்டின் கபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் ஜூனியர் பிடித்த கருப்பு மார்லின். எடை 1,560 பவுண்டு, அதாவது சுமார் 708 கிலோ. 70 வருஷம் தாண்டியும் யாராலும் முறியடிக்க முடியவில்லை. ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ' நாவல் படமானபோது, இந்த மீனைப் பிடித்த காட்சிகளையும் அதில் பயன்படுத்தினார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இப்படிச் சாதனை படைக்கும் ராட்சத மீன்கள் எல்லாமே பெண் மீன்கள். நீல மார்லினில் ஆண் மீன் 160 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். ஆக, 'பெரிய மீனைப் பிடித்தவருக்குப் பரிசு' என்றால், அதிகமாக முட்டையிடக்கூடிய தாய் மீன்களைக் குறிவைப்பதாகத்தான் அர்த்தம். இந்தப் போட்டிகள் மீதான விமர்சனத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஏன் குறிப்பிட்ட சீசனில் மட்டும்?

மார்லின் ஒரே இடத்தில் தங்கும் மீன் இல்லை. வெதுவெதுப்பான நீரையும் இரையையும் தேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலையும். வடக்கு கரோலினாவுக்கு அருகே கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெப்ப நீரோட்டம் ஓடுகிறது. கண்டத்திட்டு சரிந்து ஆழ்கடலாக மாறும் விளிம்பில் அந்த நீரோட்டம் மோதும்போது சிறு மீன்கள் குவியும். அவற்றைத் தின்ன சூரை வரும், மஹி-மஹி வரும், மார்லினும் வரும். மே, ஜூன் மாதங்களில் மஹி-மஹி அதிகம். ஜூன் நீல மார்லினுக்கு உச்சம். ஆகஸ்ட் வாக்கில் வெள்ளை மார்லின், செயில்ஃபிஷ் பக்கம் கவனம் திரும்பும். குளிர்காலம் புளூஃபின் சூரைக்கு.

ஆஸ்திரேலியாவில் கணக்கு வேறு. கெய்ர்ன்ஸ் நகரத்திலிருந்து லிசார்ட் தீவு வரை, கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டின் வெளி விளிம்பில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கருப்பு மார்லின்கள் இனப்பெருக்கத்துக்காகக் கூடும். 1966 செப்டம்பரில் ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்ட் என்ற அமெரிக்கரின் படகில் அங்கே 1,064 பவுண்டு மீன் ஒன்று பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் கெய்ர்ன்ஸ் என்ற பெயரே உலக மீன்பிடி வரைபடத்தில் ஏறியது. அங்கே இப்போது பிடிபடும் மார்லின்களில் பெரும்பாலானவை அடையாள அட்டை குத்தி மறுபடியும் கடலிலேயே விடப்படுகின்றன.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

படகு நிற்காது. மெதுவான, சீரான வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான கம்புகள் வழியாக நாலைந்து நரம்புகள் பின்னால் இழுபடும். நுனியில் செயற்கை இரையோ, கட்டித் தைத்த உண்மையான மீனோ இருக்கும். மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. திடீரென்று ரீல் அலறும். சில நொடிகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பு ஓடிவிடும்.

தூண்டில்காரர் படகின் பின்பக்கம் பொருத்தப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்து போராடுவார். ஆனால் பாதி வேலை கேப்டனுடையது. மீன் போகும் திசைக்கு ஏற்ப படகைத் திருப்பி, சில நேரம் ரிவர்ஸிலேயே ஓட்டி, நரம்பு தீர்ந்துபோகாமல் பார்க்கவேண்டும். புகைப்படத்தில் மீன் பக்கத்தில் நின்று சிரிப்பவர் ஒருவர்தான். பிடிப்பது ஒரு குழு.

இவ்வளவு பணம் எங்கிருந்து வருது?

பெரும்பகுதி, போட்டியாளர்கள் கட்டும் பணம்தான். நுழைவுக் கட்டணம் தனி. அதற்கு மேல், ஒவ்வொரு பரிசுப் பிரிவுக்கும் விருப்பப்பட்டால் தனியாகப் பணம் கட்டலாம். எல்லாப் பிரிவிலும் கட்டியவர் ஜெயித்தால் எல்லாம் அவருக்கே. 2023 பிக் ராக் போட்டியில், 500 பவுண்டைத் தாண்டிய மீனை முதலில் கொண்டுவரும் படகுக்கு மட்டும் 7,39,500 டாலர் ஒதுக்கப்பட்டிருந்தது. 'சென்சேஷன்' இழந்ததில் இதுவும் சேர்த்தி. சுருக்கமாகச் சொன்னால், பாதி விளையாட்டு, பாதி பந்தயம்.

பந்தயம் என்றால் ஏமாற்றும் பயமும் கூடவே வரும். அதனால் ஜெயித்தவர்களை உண்மை கண்டறியும் கருவி முன் உட்காரவைப்பது பெரிய போட்டிகளில் வழக்கம். 2016-ல் மேரிலாந்து மாநிலம் ஓஷன் சிட்டியில் நடந்த 'வெள்ளை மார்லின் ஓபன்' போட்டியில் 76.5 பவுண்டு மீனுக்கு சுமார் 28 லட்சம் டாலர் பரிசு காத்திருந்தது. அந்த வருஷம் தகுதி எடையைத் தொட்ட வெள்ளை மார்லின் அது ஒன்றுதான். ஆனால் பிடித்தவர் அந்தச் சோதனையில் தேறவில்லை. காலை 8.30 மணிக்கு முன்பே தூண்டில் போட்டார்கள் என்ற பிரச்னையும் எழுந்தது. அவர் தவறு செய்யவில்லை என்று மறுத்தார். வழக்கு ஃபெடரல் நீதிமன்றம் வரை போனது. 2017-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. பணம் மற்ற பிரிவுகளில் ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

மீன் இனத்துக்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நீல மார்லின் 'அழியக்கூடிய நிலை' பிரிவில் உள்ளது. இதற்குப் பெரிய காரணம் விளையாட்டுத் தூண்டில் அல்ல. சூரைக்கும் வாள்மீனுக்கும் வணிகக் கப்பல்கள் போடும், பல கிலோமீட்டர் நீளமுள்ள ஆயிரம்காய்த் தூண்டில்களில் மார்லினும் சேர்ந்து மாட்டிச் சாவதுதான்.

அதற்காக விளையாட்டுக்காரர்களைச் சும்மா விட்டுவிடவில்லை. அமெரிக்காவில் அட்லாண்டிக் மார்லினை விற்க 1988 முதலே தடை. நீல மார்லின், தாடை நுனியிலிருந்து வால் பிரியும் இடம் வரை 99 அங்குலமாவது இருந்தால்தான் கரைக்குக் கொண்டுவரலாம். நீலம், வெள்ளை, ரவுண்ட்ஸ்கேல் ஸ்பியர்ஃபிஷ் மூன்றும் சேர்த்து அமெரிக்க விளையாட்டு மீன்பிடிப்பாளர்கள் வருஷத்துக்கு 250 மீன்களுக்கு மேல் கரையேற்றக்கூடாது. பிக் ராக் போட்டி இன்னும் ஒரு படி மேலே போய், 110 அங்குலம் அல்லது 400 பவுண்டு என்று குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் திரும்பக் கடலுக்கு. விடுவித்த மீனுக்கும் தனிப் புள்ளி, தனிப் பரிசு உண்டு.

விட்ட மீன் பிழைக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கும் ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை மார்லின்களுக்கு செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான 'ஜே' வடிவ முள்ளில் பிடித்து விட்டவற்றில் 65 சதவீதம்தான் பிழைத்தன. வட்ட வடிவ முள்ளில் பிடிபட்டவை அத்தனையும் பிழைத்தன. 'ஜே' முள் வயிற்றுக்குள் போய்க் குத்தும். வட்ட முள் வாயோரத்தில் மட்டும் மாட்டும். வித்தியாசம் அவ்வளவுதான். 2008 முதல் அமெரிக்க அட்லாண்டிக் மார்லின் போட்டிகளில் இயற்கை இரை வைத்தால் வட்ட முள் மட்டும்தான் போடவேண்டும் என்பது கட்டாயம். செயற்கை இரையோடு 'ஜே' முள் போடுவதற்கு இன்றும் அனுமதி உண்டு.