பூட்டிய கதவும் புதிய சட்டங்களும்

சட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நீதிமன்றமும், கறுப்பு அங்கியும், தடித்த நூல்களுமே நினைவுக்கு வருகின்றன. எனக்கோ ஒரு கதவு நினைவுக்கு வருகிறது. அது நியூயார்க் நகரில் ஓர் உயர்ந்த கட்டிடத்தின் ஒன்பதாம் தளத்தில் பூட்டிக் கிடந்த கதவு. 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் மாலை அக்கதவு திறந்திருக்குமாயின் எத்தனையோ பேர் உயிர் பிழைத்திருப்பர். அது திறவாமற் போன வரலாற்றையும், அதன் பின்னர் ஒரு மாநிலச் சட்டமன்றம் விழித்தெழுந்த வரலாற்றையும் மாணவர்களாகிய உங்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அக்கட்டிடத்தின் பெயர் ஆஷ் கட்டிடம். அதன் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் தளங்களில் பெண்களின் மேற்சட்டை தைக்கும் 'டிரையாங்கிள்' என்ற தொழிற்சாலை நடைபெற்று வந்தது. ஏறக்குறைய 500 பேர் அங்கே வேலை செய்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பிழைப்பு நாடி ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம் பெண்கள். உங்கள் வயதினரும், உங்களினும் இளையவரும் அவர்களிடையே இருந்தனர். 1909ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மேற்சட்டைத் தொழிலாளர் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தத்தில் இவர்களுக்கும் பங்குண்டு. ஆயினும் அத்தொழிற்சாலை அவர்களுடைய சங்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

அன்று சனிக்கிழமை. வேலை முடியும் நேரம். எட்டாம் தளத்தில், துணி வெட்டும் மேசையின் அடியிற் குவிந்து கிடந்த வெட்டுத் துணிகளில் தீப்பற்றியது. பத்தாம் தளத்திலிருந்த முதலாளிகளுக்குத் தொலைபேசியிற் செய்தி போயிற்று. அவர்கள் கூரை வழியே தப்பினர். ஒன்பதாம் தளத்தாருக்கோ எச்சரிக்கை எதுவும் எட்டவில்லை. தீயே அவர்களுக்குச் செய்தியாக வந்தது. ஒரு பக்கத்துப் படிக்கட்டை நெருப்பு மறித்தது. மற்றொரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. வேலையாட்கள் துணியைத் திருடிச் செல்லாதபடி, மாலையில் ஒரே வழியாக வெளியேற்றி அவர்களுடைய கைப்பைகளைச் சோதிப்பது அங்கே வழக்கம். வெளிப்புறத்தில் இருந்த இரும்பு ஏணி பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தனர். ஆனால் அவர்களது ஏணி ஆறாம் தளத்துக்கு மேல் எட்டவில்லை. மின்தூக்கியை இயக்கியோர் மீண்டும் மீண்டும் மேலேறிப் பலரைக் காப்பாற்றினர். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மாண்டவர் 146 பேர்.

இதில் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்கட்டிடம் தீயினால் அழியவில்லை. இன்றும் ஒரு பல்கலைக்கழகத்தின் பகுதியாக நின்று கொண்டிருக்கிறது. சுவர்களைக் காக்கத் தெரிந்த காலம் அது. சுவர்களுக்குள் இருந்தவர்களைக் காக்கச் சட்டம் போதவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் முதலாளிகள் இருவர் மீது வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அவ்வேளையில் அவர்களுக்குத் தெரியும் என்பது ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, நடுவர் குழுவினர் அவர்களை விடுதலை செய்தனர்.

இனி, சட்டமன்றத்துக்கு வருவோம். ஆல்பிரட் ஸ்மித் என்பவர் நியூயார்க் மாநிலப் பேரவை உறுப்பினர். ஏழைகள் நெருங்கி வாழும் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியின் பிரதிநிதி. பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டு மீன் சந்தையில் உழைத்தவர். அவர் சார்ந்திருந்த 'டாமனி ஹால்' என்னும் அரசியல் அமைப்பு ஊழலுக்குப் பெயர் பெற்றது. எனினும் விபத்துக்குப் பின் அவர் இறந்தோரின் வீடுகளுக்கு நேரிற் சென்று பெற்றோரைச் சந்தித்தார். சீர்திருத்தம் வேண்டிப் பொதுமக்கள் குழு ஒன்று தலைநகர் ஆல்பனிக்கு வந்தபோது அவர் கூறிய யோசனை அரசியல் பயிலும் மாணவர்கள் அறியத்தக்கது. அறிஞர்களைக் கொண்ட குழு எவ்வளவு நல்ல அறிக்கை தந்தாலும் அது அலமாரியில் உறங்கிவிடும்; உறுப்பினர்களே நேரிற் கண்டு எழுதும் அறிக்கையைச் சட்டமன்றம் எளிதில் தள்ளிவிட இயலாது. இதுவே அவர் கருத்து.

அவ்வாறே 1911ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் தொழிற்சாலை விசாரணைக் குழு அமைந்தது. மேலவை உறுப்பினர் ராபர்ட் வாக்னர் தலைவர்; ஸ்மித் துணைத் தலைவர். முதலாண்டிலேயே 222 சாட்சிகளை விசாரித்து, 1,836 தொழிலகங்களைக் குழுவினர் சோதித்தனர். அவர்களுக்கு வழிகாட்டியாக உழைத்தவர் பிரான்ஸிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார். தீவிபத்து நாளில் அப்பகுதியிலே இருந்து, மேலிருந்து பெண்கள் விழுந்ததைக் கண்ணாற் கண்டவர் அவர். உறுப்பினர்கள் காகிதத்தில் படித்தாற் போதாது, கண்ணாற் காண வேண்டும் என்பது அவரது உறுதி. கயிற்றுத் தொழிற்சாலையில் இரவு முழுவதும் பத்து மணி நேரம் உழைத்துக் களைத்து வெளிவரும் பெண்களை ஸ்மித்துக்குக் காட்டினார். தீ வந்தால் தப்பும் வழி என்று ஒரு முதலாளி குறித்திருந்த சுவர்த் துளையின் வழியே வாக்னரைத் தவழ்ந்து போகச் செய்தார். துளைக்கு அப்பால் இருந்தது பனிக்கட்டி படிந்த ஓர் ஏணி. அதுவும் நிலத்தைத் தொடவில்லை!

1912 முதல் 1914 வரை முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. வேலை நேரத்தில் கதவுகளைப் பூட்டலாகாது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். தீப்பயிற்சி நடத்த வேண்டும். உயர்ந்த தொழிலகங்களில் தானே நீர் தெளிக்கும் கருவி வேண்டும் என்பன அவற்றுட் சில. எதிர்ப்பும் இல்லாமலில்லை. செலவு மிகும், தொழில் நசியும் என்று கட்டிட உரிமையாளரும் முதலாளிகளும் முறையிட்டனர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரும் சட்டத்திலிருந்து பழம், காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்கு விலக்கு வேண்டுமென்று கேட்டபோது, ஓய்வு நாளைப் புனிதமாகப் போற்றச் சொன்ன வேத வாக்கில் அவ்வாலைகளுக்கு விலக்கு எதையும் தாம் காணவில்லை என்று ஸ்மித் அவையில் விடையிறுத்தார்.

அவர் பின்னர் அம்மாநிலத்தின் ஆளுநரானார். வாக்னர் கூட்டாட்சியின் செனட் சபையில் அமர்ந்து, 1935ஆம் ஆண்டில் தொழிலாளர் சங்க உரிமையை உறுதி செய்யும் சட்டத்தைக் கொணர்ந்தார். பெர்க்கின்ஸ் அம்மையார் 1933ஆம் ஆண்டில் தொழிலாளர் துறை அமைச்சராகி, அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி ஆனார்.

இச்சட்டங்களை நான் பாராட்டும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வருத்தமும் எழுகிறது. அப்பெண்கள் 1909ஆம் ஆண்டிலேயே தெருவில் நின்று நியாயம் கேட்டனர். அன்று செவிசாய்க்காத சட்டமன்றம், 146 பேர் மடிந்த பின்னரே செவிசாய்த்தது. உயிர்ப்பலி நேரும்வரை காத்திராமல் குறைகளைக் கேட்டறிவது மக்கள் பிரதிநிதியின் கடமை. குறைகளைக் கண்டவுடன் எடுத்துரைப்பது குடிமக்களின் கடமை. மாணவர்களே, நாளை நீங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்லும்போது, உங்கள் கூடத்துக்கு எத்தனை வாயில்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அவற்றுள் ஒன்று பூட்டிக் கிடந்தால், ஏன் என்று பணிவுடன் கேளுங்கள். குடிமக்கள் கடமையை அந்தக் கேள்வியிலேயே நீங்கள் தொடங்கிவிடலாம்.