லீவரின் இறுக்கமும் கடைக்காரரின் கணக்கும்

ஆர்கேட் லீவர் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை முதல் முப்பது ஆண்டுகளில் விளையாடியவர் தீர்மானிக்கவில்லை. விளையாட்டை வடிவமைத்தவருக்கும் அதில் பெரிய பங்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. இயந்திரத்தை வாங்கிக் கடையில் போட்டு, மாலையில் உண்டியலைத் திறந்து காசை எண்ணியவரின் வசதிப்படிதான் அது அமைந்தது. இன்று ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து ஸ்பிரிங்கை மாற்றுவது, லீவரின் அசைவுக்கு எல்லை வகுக்கும் கேட்டைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது, கிரீஸ் தடவிப் பார்ப்பது எல்லாம் புதிய மோகம் போலத் தெரிகிறது. திருத்துகிற வேலை லீவர் கடைக்கு வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. இந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் மாறியிருப்பது ஸ்க்ரூடிரைவர் இருந்த கை.

1972இல் வந்த பாங் விளையாட்டில் லீவர் கிடையாது, திருகு குமிழ்தான். 1974இல் கீ கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட டேங்க் ஆளுக்கு இரண்டு லீவர் கொடுத்தது. 1980ஐ ஒட்டி அமெரிக்கக் கடைகளில் பரவிய லீவர்களில் பெரும்பாலும் தகட்டு ஸ்விட்ச் இருந்தது. வளையக்கூடிய இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், அவற்றின் நுனியில் கடுகளவு தொடுபுள்ளிகள். லீவர் சாயும்போது ஒரு தகடு மற்றதன் மேல் போய்ப் படியும். இந்த அமைப்பின் அழகு, அதை இடுக்கி ஒன்றாலேயே திருத்த முடியும் என்பது. தகட்டைக் கொஞ்சம் உள்ளே வளைத்தால் விரல் பட்டதும் பதிவாகும். அளவு மீறி வளைத்துவிட்டால் லீவரைத் தொடாமலே திரையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். வெளியே வளைத்தால் கடைசிவரை தள்ளினால்தான் அசையும். புள்ளிகளில் அழுக்குச் சேர்ந்தால் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை விட்டு இழுத்துத் துடைப்பார்கள். இயந்திரங்களை வாடகைக்கு விட்டவர்களின் மெக்கானிக், வீகோ போன்ற நிறுவனங்களின் உதிரி பாகங்களோடு கடை கடையாகப் போய்ச் செய்த வேலை இதுதான். அதற்கு இலக்கு ஒன்றே: வாடிக்கையாளர் புகார் சொல்லக் கூடாது. நன்றாக ஆடுகிறவனுக்கு இன்னும் நன்றாக அமைய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகு மைக்ரோஸ்விட்ச் பரவியது. மூடிய சிறு பெட்டி, அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், கெட்டுப்போனால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டிவிடலாம். கடைக்காரருக்கு அது வரம். ஆனால் வளைத்துப் பார்க்க உள்ளே எதுவும் இல்லாததால், மெக்கானிக்கிடம் இருந்த அந்தச் சிறிய திருத்தும் உரிமையும் அதோடு போயிற்று.

இறுக்கத்தில் நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாடும் இதையேதான் சொல்கிறது. அமெரிக்க இயந்திரங்கள் பெரும்பாலும் ஆளுயரம். ஆடுபவர் நின்றுகொண்டு உடல் பாரத்தைச் சாய்த்து, தடித்த கைப்பிடியை முழு முஷ்டியால் பிடித்துத் தள்ளுவார். மரப் பலகையில் பதித்த கனமான லீவரும் விறைப்பான பிடியும் அந்த உடல் மொழிக்குப் பொருந்தின, தோற்ற கோபத்தில் அடிப்பவர்களையும் தாங்கின. ஜப்பானில் 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் காப்பிக் கடை மேசைக்குள்ளேயே குடியேறியது. ஆடுபவர் உட்கார்ந்திருந்தார். 1993இல் வந்த சேகாவின் ஆஸ்ட்ரோ சிட்டி வரை அங்கே உட்கார்ந்து ஆடும் பெட்டிகளே ஆட்சி செய்தன. மணிக்கட்டைப் பலகையில் வைத்து, உருண்டைப் பிடியை விரல்களால் நகர்த்துபவருக்கு லேசான ஸ்பிரிங் போதும். சான்வா, செய்மிட்சு நிறுவனங்களின் லீவர்கள் இந்தச் சூழலுக்குள் வளர்ந்தவை. 1985இல் வந்த ஜாமா தரம் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. 56 முனை கொண்ட ஒரே இணைப்பில், அந்தத் தரத்தில் வந்த எந்த விளையாட்டுப் பலகையையும் அதே தரத்தின் எந்தப் பெட்டியிலும் செருகலாம் என்றாயிற்று. (நம் ஊர்க் கடைகளில் 'முஸ்தபா' என்றே பெயர் வாங்கிய கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் பலகை, எந்த லீவர் பொருத்திய பெட்டியிலும் ஓடியதற்கு இத்தகைய பொது இணைப்புதான் காரணம்.) விளையாட்டு மாறும், லீவர் அப்படியே இருக்கும். எந்த விளையாட்டுக்கு எந்த இறுக்கம் என்ற கேள்விக்கே அதன்பின் இடமில்லாமல் போனது. திசைக்கும் இதே கதிதான்: பாக்-மேன் நான்கு திசை விளையாட்டு. அதை எட்டுத் திசை லீவரில் ஓட்டினால் மூலையில் இரண்டு திசைகள் ஒன்றாகப் பதிந்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. காசு போட்டவர் தன் கையைத்தான் நொந்துகொள்வார்.

வடிவமைத்தவர்களை இப்படி ஒதுக்குவது நியாயமா என்று கேட்கலாம். உணர்வைக் கணக்கில் எடுத்து உருவான இயந்திரங்கள் இருந்தன, மறுப்பதற்கில்லை. அவற்றில் மிகத் துணிச்சலானது 1987இல் காப்காம் வெளியிட்ட முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர். அதன் ஒரு பெட்டியில் பொத்தான்களுக்குப் பதில் காற்றழுத்த மெத்தைகள் இரண்டு இருந்தன. எவ்வளவு பலமாகக் குத்துகிறீர்களோ, திரையிலும் அவ்வளவு பலமாகக் குத்து விழும். வடிவமைப்பாளர் கையின் விசையையே விளையாட்டின் மொழியாக்க நினைத்தார். ஆனால் ஊரெல்லாம் மாறி மாறிக் குத்துகிற ஒரு மெத்தையைப் பராமரிப்பது எந்தக் கடைக்காரரும் ஆசைப்படுகிற வேலை இல்லை. பரவலாக நிலைத்தது ஆறு பொத்தான் பலகைதான். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் II உலகைப் பிடித்தது அந்த ஆறு பொத்தான்களோடு. வடிவமைப்பாளர் விருப்பத்துக்கும் கடைக்காரர் கணக்குக்கும் நேருக்கு நேர் போட்டி வந்தபோது யார் வென்றார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திருத்துவது என்றால் உண்மையில் எதைத் திருத்துகிறோம்? பரவலாகப் புழங்கும் சான்வா ஜேஎல்எஃப் லீவரைத் தலைகீழாக வைத்தால் விஷயம் வெளிப்படையாகத் தெரியும். மேலே தெரிவது சதுர ஓட்டை கொண்ட பிளாஸ்டிக் கேட், கவ்விகளை நெம்பினால் வந்துவிடும். அதன் கீழே நான்கு மைக்ரோஸ்விட்ச் பதித்த தட்டு. நடுவில் தண்டின் நுனியில் கறுப்பு உருளை ஒன்று, அதற்கு ஆக்சுவேட்டர் என்று பெயர். அதைப் பிடித்து நிறுத்துவது தண்டில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் சிறிய ஈ-கிளிப். ஆக்சுவேட்டரைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு கிளிப்பை நெம்ப வேண்டும். பின்னால் அமுங்கிய ஸ்பிரிங் காத்திருப்பதால், கை தளர்ந்தால் கிளிப் அறையின் மறுமூலைக்குப் பறந்துவிடும். உருவகமாகச் சொல்லவில்லை, தேடிக் களைத்தவர்கள் பலர். இந்தச் சில பாகங்களுக்குள் மூன்று அளவுகள் ஒளிந்திருக்கின்றன: நடுவிலிருந்து ஸ்விட்ச் 'டிக்' என்று பதியும் வரை உள்ள தூரம், அங்கிருந்து கேட்டில் முட்டும் வரை உள்ள தூரம், விட்டதும் நடுவுக்கு இழுக்கும் விசை. பருமனான ஆக்சுவேட்டர் போட்டால் முதல் தூரம் குறையும். கேட்டை மாற்றினால் இரண்டாவது மாறும். மூன்றாவது ஸ்பிரிங்கின் பொறுப்பு. அவசரக்காரர்கள் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிப் பார்ப்பார்கள். வெட்டிய ஸ்பிரிங்கின் விறைப்பு கூடத்தான் செய்யும், ஆனால் ஏற்கெனவே அமுங்கியிருந்த அளவு குறைந்துவிடுவதால் நடுவில் லீவர் தொளதொளவென்று நிற்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் வைப்பது அதைவிட நல்ல யோசனை. இறுக்கம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. கடினமான ஸ்பிரிங்கும் பருமனான ஆக்சுவேட்டரும் சேர்ந்தால், விட்ட லீவர் நடுவைத் தாண்டி எதிர்ப் பக்க ஸ்விட்சையும் தட்டிவிட்டு வரும்.

தென்கொரியாதான் என் வாதத்துக்கு முதலில் எதிராகவும், பிறகு துணையாகவும் நிற்கிறது. அங்கே உலோக ஸ்பிரிங்கே இல்லாத லீவர் வளர்ந்தது. தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், வட்டமான கேட், நீண்ட பிடி. லீவர் சாயச் சாய ரப்பரின் எதிர்ப்பு ஏறும், விட்டதும் சட்டென நடுவுக்கு வரும். டெக்கன் என்ற சண்டை விளையாட்டில் இது வெறும் சொகுசு இல்லை. மிஷிமா குடும்பப் பாத்திரங்களின் புகழ்பெற்ற குத்துக்கு 'முன்னே, நடு, கீழே, கீழ்-முன்' என்ற வரிசை தேவை. இடையில் உள்ள அந்த 'நடு' பதிவாகாவிட்டால் குத்து வராது, நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் அதற்குக் கிடைக்கும் நேரம் அற்பம். கொரியர் பெயரையே தாங்கிய பின்வாங்கும் உத்தி ஒன்றும் அந்த விளையாட்டில் உண்டு, அதுவும் விரைந்து நடுவுக்குத் திரும்பும் லீவரில் நன்றாக வரும். ஆக, அங்கே கடைக்காரரே ஆடுபவரின் கைக்கு ஏற்ற லீவரைப் போட்டார் அல்லவா? போட்டார். எல்லோரும் ஒரே விளையாட்டைத் தீவிரமாக ஆடும் ஊரில், லீவர் சரியில்லாத கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அங்கேயும் பேசியது அதே உண்டியல் கணக்குதான், ஆடுபவரின் விருப்பம் அதற்குள் ஒரு எண்ணாக நுழைந்திருந்தது என்பதே வேறுபாடு. இன்று அந்த ரப்பர் வளையங்கள் பல கடினங்களில் தனித்தனியாக விற்கின்றன.

கணக்கு முற்றிலும் மாறியது இயந்திரம் வீட்டுக்கு வந்த பிறகு. 2004இல் சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டி ஆர்கேட் பெட்டிகளை விட்டுக் கன்சோலுக்கு மாறியபோது பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் கன்சோல் மேடையில் அவரவர் கட்டுப்பாட்டுப் பெட்டியை அவரவரே கொண்டு வரலாம். 2009இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் IV கன்சோலுக்கு வந்தது. அதையொட்டி மேட் கேட்ஸ் நிறுவனம் விற்ற உயர்ரகப் பெட்டிக்குள் அசல் சான்வா பாகங்கள் இருந்தன, திருகைக் கழற்றினால் கையில் எடுத்துவிடலாம். வட்ட கேட்டில் வளர்ந்த அமெரிக்கர்களுக்குச் சதுர மூலைகள் இடறின. எண்கோண கேட் வாங்கியவர்கள் உண்டு, கொஞ்ச நாளில் சதுரத்துக்கே திரும்பியவர்களும் உண்டு. இதையெல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்குபவர்கள் ஒரு நல்ல சான்றோடுதான் வருகிறார்கள்: லேசான ஸ்பிரிங்கிலும் வென்றிருக்கிறார்கள், விறைப்பான ரப்பரிலும் வென்றிருக்கிறார்கள், அப்படியானால் இறுக்கத்துக்கு என்ன மதிப்பு? ஸ்பிரிங் மாற்றியதால் யாரும் சாம்பியன் ஆகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் கைக்கும் பொருந்தும் ஒரே இறுக்கம் இல்லை என்பதைத்தானே அந்தச் சான்று காட்டுகிறது? கை எதற்கும் பழகும். பழகும் வரை தோற்று, அந்தப் பழக்கத்துக்கு 25 சென்டாகவும் 100 யென்னாகவும் விலை கொடுத்தவர் ஆடுபவர். பெட்டி அவருடையதாக ஆனதும் அந்தச் செலவை ஒரு ஸ்பிரிங்கின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க அவரால் முடிகிறது. போட்டிக்கு வருபவரின் பையில் இப்போது லீவரோடு ஸ்க்ரூடிரைவரும் மாற்று ஸ்பிரிங்கும் உபரியாக இரண்டு ஈ-கிளிப்பும் இருப்பது சாதாரணம்.