குழியருகே அமர்ந்து உண்டவர்கள்



யோசேப்பை அவருடைய சகோதரர்கள் 20 வெள்ளிக்காசுக்கு விற்றதை நாம் அறிவோம். விற்பதற்கு முன் என்ன செய்தார்கள்? தம்பியைக் குழியில் தள்ளிவிட்டு, உணவருந்த அமர்ந்தார்கள்.

அப்படியொரு குழி ஐரோப்பாவின் அண்மை வரலாற்றிலும் உண்டு. 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. விடுதலையோடு வறுமையும் வந்தது. மால்டோவா, உக்ரைன், ருமேனியா நாடுகளில் பலர் வேலையிழந்தனர். வெளிநாட்டில் உணவக வேலை என்ற பேச்சை நம்பி இளம்பெண்கள் புறப்பட்டனர். அழைத்துப் போனவர் பலமுறை தெரிந்தவராகவே இருந்தார். வழியில் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. பயணச் செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறியது. கைக்குக் கை விற்கப்பட்டு, பாலியல் தொழிலில் அடைக்கப்பட்டனர்.

போஸ்னியாவில் 1995-ஆம் ஆண்டு டேட்டன் உடன்படிக்கை போரை நிறுத்தியது. அமைதி காக்கப் பன்னாட்டுப் படையினரும் காவலர்களும் வந்தனர். சாலையோர மதுக்கூடங்களில் இப்பெண்கள் அடைபட்டுக் கிடந்தனர். அங்கே சென்றவர்களில் காக்க வந்தவர்களும் இருந்தனர் என்பதுதான் கொடுமை. 1999-இல் ஐ.நா. காவல் பணிக்குச் சென்ற அமெரிக்கப் பெண் காவலர் கேத்ரின் பொல்கோவாக் இதை மேலதிகாரிகளுக்கு எழுதினார். 2001-இல் அவருடைய வேலை பறிபோனது. அது அநீதியான பணிநீக்கம் என்று 2002-இல் பிரிட்டன் தீர்ப்பாயம் ஒன்று தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட பன்னாட்டுப் பணியாளர்களோ தண்டனையின்றி வீடு திரும்பினர்.

அப்பெண்களுக்குக் கிடைத்தது என்ன? பல இடங்களில் அவர்களே குற்றவாளிகளாக நடத்தப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். விரும்பித்தானே போனாள் என்றும் உலகம் பேசியது. 2000-ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்ற பலெர்மோ நெறிமுறை இதற்குப் பதில் தந்தது: ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல.

அன்பர்களே, விற்றவரும் வாங்கியவரும் மட்டும் இந்த வாணிகத்தை நடத்தவில்லை. தெரிந்தும் வாய் திறவாதவர்களும், திரும்பி வந்தவளைப் பழித்தவர்களும் குழியருகே அமர்ந்து உண்டவர்களே. நாம் எங்கே அமர்ந்திருக்கிறோம்?

சிறு வயதில் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்ட சூடான் நாட்டுப் புனித பக்கித்தாவின் திருநாளான பிப்ரவரி 8, 2015 முதல் மனித வணிகத்துக்கு எதிரான செப நாளாகவும் உள்ளது. அன்று அப்பெண்களுக்காக மன்றாடுவோம். குழியிலிருந்து குரல் கேட்டால் எழுந்து செல்லும் மனத்தையும் கேட்போம். ஆமென்.