மூலக்கருவியா, கணினி நகலா? – விளையாட்டு வரலாற்றில் ஒரு வழக்கு



பழைய வீடியோ விளையாட்டுகளைப் பிள்ளைகள் கணினியில் விளையாடுவதைக் காணும் பெற்றோர் சிலர், "இது திருட்டாகாதா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. "விளையாட்டுதானே, இதற்கு என்ன வரலாறு?" என்று கேட்போரும் உண்டு. இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒரே வரலாற்றுக்குள் இருக்கிறது. அதனைச் சுருக்கமாக இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எமுலேட்டர் என்பது யாது?

ஒரு விளையாட்டுக் கருவியின் வன்பொருள் செய்யும் வேலைகளை, வேறொரு கணினியில் மென்பொருளாகச் செய்துகாட்டும் நிரலே எமுலேட்டர். கேசட்டிலோ குறுவட்டிலோ உள்ள விளையாட்டு, தான் இன்னும் பழைய கருவியிலேயே இருப்பதுபோல் அதில் இயங்கும். இங்கே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். எமுலேட்டர் வேறு, அதில் ஓடும் விளையாட்டு வேறு. பெற்றோரின் குழப்பம் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வருகிறது.

நீதிமன்றம் வகுத்த எல்லை

சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் கருவியை 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. 1999 ஜனவரியில் கனெக்டிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், பிளேஸ்டேஷன் குறுவட்டுகளை மெக்கிண்டாஷ் கணினியில் இயக்கும் 'வர்ச்சுவல் கேம் ஸ்டேஷன்' என்ற எமுலேட்டரை அறிவித்தது. அதே மாதத்தில் சோனி வழக்குத் தொடுத்தது.

கனெக்டிக்ஸ் பொறியாளர்கள், கருவி எவ்வாறு இயங்குகிறது என்று அறிவதற்காகச் சோனியின் அடிப்படை நிரலை நகலெடுத்து ஆராய்ந்தனர். ஆயினும் விற்பனைக்கு வந்த மென்பொருளில் சோனியின் நிரல் எதுவும் இல்லை. அதன் பணியைச் செய்யும் நிரலை அவர்களே எழுதியிருந்தனர். கீழ்நீதிமன்றம் 1999 ஏப்ரலில் விற்பனைக்குத் தடை விதித்தது. 2000 பிப்ரவரி 10-ஆம் நாள் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. ஆய்வுக்காக இடையில் எடுக்கப்பட்ட நகல் 'நியாயமான பயன்பாடு' என்பது அதன் முடிவு.

சட்டத்தில் வென்றவர்கள் சந்தையில் நிலைக்கவில்லை. 2001-இல் கனெக்டிக்ஸின் எமுலேட்டரைச் சோனியே விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. சோனியின் வழக்குகளை எதிர்கொண்ட 'பிளீம்' என்ற மற்றொரு நிறுவனமும் வழக்குச் செலவைத் தாங்க முடியாமல் அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது.

காலம் மாறியது. 2018 டிசம்பரில் சோனி 20 பழைய விளையாட்டுகளுடன் 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' என்ற சிறு கருவியை வெளியிட்டது. அதனுள் இருந்தது, ஆர்வலர்கள் உருவாக்கிய திறமூல எமுலேட்டர்! எந்தத் தொழில்நுட்பத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்களோ, அதன் துணையுடனேயே தங்கள் பழைய விளையாட்டுகளை மீண்டும் விற்றார்கள்.

நகல் எவ்வளவு உண்மையானது?

அந்தக் கருவியில் இருந்த 20 விளையாட்டுகளுள் 9, நொடிக்கு 50 படங்கள் என்ற கணக்கில் ஓடும் ஐரோப்பியப் பதிப்புகள். 60 படங்களுக்குப் பழகியவர்கள் வேகக் குறைவை உடனே உணர்ந்தார்கள். உரிமையாளரே வெளியிட்டாலும் நகல் பிசகக்கூடும் என்பதற்கு இது சான்று.

வேறு சில வேறுபாடுகளும் உள்ளன. 1991-இல் வெளிவந்த 'சோனிக்' விளையாட்டில் அருவி நெடுக்குக் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சியில் அக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, நீர் ஊடுருவித் தெரிவதுபோல் தோன்றும். கூர்மையான கணினித் திரையிலோ வெறும் கோடுகளே தெரியும். நின்டெண்டோவின் 'டக் ஹண்ட்' துப்பாக்கி, குழாய்த் திரை ஒளிரும் கணத்தை அளந்து குறியை அறிவது. அது இன்றைய தட்டைத் திரையில் வேலை செய்யாது.

2011-இல் 'பியூயூ' என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் இதுபற்றி விரிவாக எழுதினார். 1990-களில் 25 மெகாஹெர்ட்ஸ் கணினியிலேயே பழைய நின்டெண்டோ விளையாட்டுகளை ஓடவைக்க முடிந்தது. ஆனால், பழைய கருவிகளைத் துல்லியமாகப் பின்பற்ற 3 கிகாஹெர்ட்ஸ் வரை தேவைப்படலாம் என்றார். 'ஸ்பீடி கொன்சாலஸ்' என்ற சூப்பர் நின்டெண்டோ விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய எமுலேட்டர்களில், இறுதிக் கட்டங்களுள் ஒன்றில் ஒரு பொத்தானைத் தொட்டதும் அது உறைந்துவிடும். நினைவகத்தில் எதுவுமே இல்லாத ஓர் இடத்தை அந்நிரல் படிக்கும். அப்போது உண்மையான கருவி தரும் மதிப்பை எமுலேட்டர்கள் சரியாகத் தரவில்லை. மூலக்கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால், பிழை விளையாட்டில்தான் என்று நம்பியிருப்போம்.

மூலமும் நிலைப்பதில்லை

அப்படியானால் மூலக்கருவி மட்டும் போதுமா? போதாது. 1987-இல் வட அமெரிக்காவில் வெளிவந்த 'செல்டா' கேசட்டில், ஆட்டத்தைச் சேமித்து வைக்க ஒரு சிறு மின்கலம் இருந்தது. மின்கலம் தீர்ந்தால் சேமித்தது அழியும். குறுவட்டைப் படிக்கும் ஒளிவில்லை தேயும், மின்தேக்கிகள் கசியும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

1990-களில் மலேசியாவில் வளர்ந்த நம்மில் பலர் மூலக்கருவியைத் தொட்டதே இல்லை. நம் வீடுகளில் இருந்தது, நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்யப்பட்ட 'மைக்ரோ ஜீனியஸ்'. நமக்கு முதலில் கிடைத்ததே நகல்தான். ஆதலால் நகல் என்றதும் முகம் சுளிக்க நமக்கு உரிமை குறைவு என்றே நான் கருதுகிறேன்.

நாம் செய்யக்கூடியவை

1. "எமுலேட்டர் திருட்டு" என்று பொதுப்படக் கூறாதீர்கள். மேற்சொன்ன தீர்ப்பு அமெரிக்கச் சட்டத்திற்கு உட்பட்டது எனினும், அது காட்டும் வேறுபாடு எங்கும் பயன்படும். உரிமையுள்ள விளையாட்டை அனுமதியின்றிப் பதிவிறக்குவது வேறு வினை. அதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

2. உரிமையாளரே மறுவெளியீடு செய்திருந்தால் அதை வாங்கிக் கொடுங்கள்.

3. வீட்டுப் பரணில் பழைய கருவி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளையை அதிலும் கணினியிலும் ஒரே விளையாட்டை விளையாடவிட்டு, என்னென்ன வேறுபடுகின்றன என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு சான்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதுதானே வரலாற்றுக் கல்வியின் முதற்படி!

எமுலேட்டர் இல்லையேல் இந்த விளையாட்டுகள் நம் பேரப்பிள்ளைகளைச் சென்றடையா. மூலக்கருவி இல்லையேல், சென்றடைந்தது சரியானதுதானா என்று சோதிக்க வழியிராது. ஆகவே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடாமல், இரண்டையும் காப்போம். உங்கள் கருத்துகளையும் அறிய விழைகிறேன்.